கூடாது சாரின் ஸ்கூட்டர்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. கல்லூரியில் எல்லோருக்கும் அவர் கூடாது சார். மாணவர் ஒழுங்கு அலுவலர் என்ற நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் அவர் எழுதிய எந்த விதியும் வேறு சொல்லில் முடிந்ததில்லை.

விதிகள் வானத்திலிருந்து குதிப்பதில்லை, யாரோ ஒரு புண்ணியவான் விஷமம் செய்துதான் ஒவ்வொன்றும் பிறக்கிறது என்பது அவருடைய கொள்கை. 'தீயணைப்பு வாளியில் மீன் வளர்க்கக் கூடாது' என்று விதிப்புத்தகத்தில் படித்துப் புது மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். மீனை அவர் நேரில் பார்த்திருக்கிறார்.

மீன் வளர்த்தவன் இப்போது அவருடைய மைத்துனன். அந்தக் காலத்தில் அவன் கல்லூரியில் படித்தான் என்று சொல்வது வழக்கம். கல்லூரிக்கு வந்தான் என்பதே சரி. ஒவ்வொரு குற்றத்துக்கும் பாதுகாவலர் நேரில் வர வேண்டும். பெற்றோர் இல்லாத பையன் என்பதால், துணிக்கடையில் வேலை பார்த்த அக்காதான் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வருவாள். அலுவலருக்கு எதிரே இருந்த நாற்காலி நாளடைவில் அவளுடையதாகவே ஆகிவிட்டது. தம்பிக்காக வாதாடி வாதாடி அவள் ஒவ்வொரு முறையும் தோற்றாள். கடைசியில் கூடாது சார் தோற்றார், கல்யாணம் நடந்தது. பாதுகாவலரை அலுவலர் மணக்கக் கூடாது என்று விதி எதுவும் அப்போது இல்லை. பிறகும் அவர் எழுதவில்லை. அவர் பணியில் காட்டிய ஒரே அலட்சியம் அதுதான்.

மகன் வளர்ந்து, வேலை கிடைத்து, வெளியூர் போனான். அதற்கடுத்த வாரம் மனைவி சொன்னாள்:

"ஏங்க, எனக்கு சீட் கெடச்சிருக்கு."

"எந்த பஸ்ல?" என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்க காலேஜ்ல. வரலாறு, முதல் வருஷம்."

பேப்பர் தானாகவே மடிந்தது. தம்பியைப் படிக்க வைப்பதற்காக அவள் தன் படிப்பைப் பாதியில் நிறுத்தியவள் என்பது அவருக்குத் தெரியும். தம்பி அந்தத் தியாகத்தை வாளியில் போட்டு மீன் வளர்த்ததும் தெரியும். ஆகவே மறுப்புச் சொல்லவில்லை. விதிப்புத்தகத்தின் ஒரு பிரதியை மட்டும் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இதுல பாதிக்கு மேல நான் அந்த நாற்காலியில ஒக்காந்திருந்தப்ப நீங்க எழுதினதுதானே. மனப்பாடம்" என்றாள் அவள்.

சிக்கல் ஸ்கூட்டரில் ஆரம்பித்தது. மாணவர்கள் ஊழியரின் வண்டியில் ஏறி வரக் கூடாது. ஒரு பேராசிரியர் தனக்குப் பிடித்த நாலு பேரை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, அவர்களுக்கே மார்க்கையும் அள்ளிக் கொடுத்ததால் பிறந்த விதி அது. எனவே கூடாது சார் தினமும் கல்லூரிக்கு முந்தைய திருப்பத்தில், பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்துவார். மனைவி இறங்கி, பையை மாட்டிக்கொண்டு நடப்பாள். அவர் அவளைக் கடந்து போகும்போது, அறிமுகமில்லாத மாணவியைப் பார்ப்பது போல நேரே பார்த்துக்கொண்டு போவார். பேக்கரிக்காரர் முதல் வாரம் முழுக்க இதைக் கவலையோடு கவனித்துவிட்டு, "வீட்ல ஏதும் பிரச்சனையாம்மா?" என்று கேட்டாராம்.

"பிரச்சனை இல்லண்ணே, விதி" என்றாளாம். அவர் பரிதாபப்பட்டு ஒரு பன்னை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்.

அவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் முதல் பருவத்திலேயே அவள் பேரில் இரண்டு எச்சரிக்கைகள் விழுந்தன. நூலகத்தில் உரக்கச் சிரித்தது ஒன்று. அவள் சிரிப்பு அப்படி. அலமாரியில் புத்தகங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வகுப்பறையில் டிபன் பாக்ஸைத் திறந்து முன்பெஞ்சுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊட்டிவிட்டது இன்னொன்று. இரண்டிலும் கூடாது சாரே கையெழுத்துப் போட்டார். அந்த இரு நாட்களும் வீட்டில் சாப்பாடு ஆறிப்போய் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க முடியாது.

மூன்றாவது எச்சரிக்கை விழுந்தால் தேர்வு எழுதக் கூடாது. வருடம் போய்விடும். அவள் சும்மா படிக்கவில்லை; சமையலறைச் சுவரில் அரச வம்சங்களை வரிசையாக ஒட்டி வைத்து, தோசைக்கரண்டியால் ஒவ்வொரு ராஜாவையும் தட்டித் தட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒருநாள் காலை பேக்கரித் திருப்பத்தில் மழை கொட்டியது. குடை இல்லை. அவள் கையில் துணியில் சுற்றிய குறிப்பேடுகள்.

"எறங்கட்டுமா?" என்றாள்.

கூடாது சார் வானத்தைப் பார்த்தார், குறிப்பேடுகளைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார். அவருடைய பணிக்காலத்தில் 'கூடாது' என்று முடிக்காமல் எடுத்த முதல் முடிவு அது. மாணவியைப் பின்னால் வைத்துக்கொண்டு வாசலைக் கடந்தார். வாட்ச்மேன் கூண்டுக்குள்ளிருந்து சல்யூட் அடித்தார். அடித்த கையாலேயே புகாரும் எழுதினார்.

"என்னய்யா இது?" என்று மேஜைக்கு வந்த புகாரைத் தூக்கிக் காட்டினார் கூடாது சார்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, என் பொண்டாட்டியே வந்தாலும் விடாதேன்னு."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுய்யா."

"பேச்சுக்குச் சொன்னது எது, விதிக்குச் சொன்னது எதுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?" வாட்ச்மேன் குரலில் குறும்பு துளியும் இல்லை. கூடாது சாருக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் பெருமை வந்தது. இப்படி ஒருவரைத் தயார் செய்ததே தான்தானே.

விசாரணை முதல்வர் அறையில். முதல்வர் அம்மா ஆறிய டீயைச் சூடாக்கச் சொல்லிவிட்டு, "விடுங்க சார். மழை. யாரு கேக்கப் போறா?" என்றார்.

"ஒருத்தருக்குத் தளர்த்தக் கூடாது மேடம்" என்றார் கூடாது சார்.

"எனக்கும் சலுகை வேணாம் மேடம்" என்றாள் மனைவி. "நாளைக்கு நான் பாஸ் பண்ணினா, புருஷன் தயவுல பாஸ் பண்ணிட்டான்னு பேசுவாங்க. விதிப்படியே விசாரிங்க."

விதிப்படி பாதுகாவலர் வரவேண்டும். கணவர் வந்திருக்கிறார் என்று முதல்வர் நினைத்தது தவறு. பாதுகாவலர் கல்லூரி ஊழியராக இருக்கக் கூடாது. முன்னொரு காலத்தில் கேன்டீன்காரர் ஒரு வகுப்புக்கே சித்தப்பாவாகக் கையெழுத்துப் போட்டதால் பிறந்த விதி அது. அந்த யோசனையும் மைத்துனனுடையதுதான்.

ஆகவே மைத்துனன் வந்தான். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், தொப்பை விழுந்திருந்தது. பழைய பழக்கத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் அமர்ந்து, கையைக் கட்டிக்கொண்டான்.

"என்ன மாமா, எங்க புள்ள என்ன தப்பு பண்ணுச்சு?"

"பாதுகாவலர் விசாரணையின்போது அலுவலரை மாமா என்று அழைக்கக் கூடாது."

"அது புத்தகத்துல இல்லையே மாமா."

இல்லைதான். கூடாது சார் தொண்டையைச் செருமிக்கொண்டு குற்றத்தைப் படித்தார்: மாணவி ஊழியரின் வண்டியில் ஏறி வந்தது.

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தாள். சிரிப்பு வரும்போல இருந்ததால் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"யாரோட வண்டின்னீங்க?" என்றான் அவன். "மேடம், எல்லாரும் ஒரு நிமிஷம் கீழ வாங்க."

ஊழியர் கொட்டகையில் ஸ்கூட்டர் நின்றது. கூடாது சார் தினமும் காலையில் முகப்பு விளக்கிலிருந்து பின் நம்பர் பலகை வரை துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் வண்டி. முன்சக்கரத்துக்கு மேலே மஞ்சளாக ஒரு ஸ்டிக்கர்: மாணவர் வண்டி.

"அக்கா துணிக்கடைச் சம்பளத்துல வாங்கின வண்டி மேடம் இது. கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது. ஆர்.சி. புக்குல அவ பேருதான்."

"மாணவர் பேர்ல இருக்கிற வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டாம இருக்கக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கே" என்றாள் அவள். "சேர்ந்த அன்னிக்கே வரிசையில நின்னேன். சார்தான் கொடுத்தாரு. தலையக்கூட நிமிர்த்தாம 'அடுத்து'ன்னாரு."

கூடாது சார் ஸ்டிக்கரைப் பார்த்தார். தினமும் அதன் மேல் துணி போட்டுத் துடைத்தவர்தான். ஓரத்தில் பிய்ந்திருந்ததைப் போன வாரம் பசை தடவி ஒட்டியதும் அவரே. இத்தனை வருஷம் ஓட்டிக்கொண்டே இருந்ததில், வண்டி யாருடையது என்று கேட்டுக்கொள்ளும் பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது.

"மாணவி தன் சொந்த வண்டியில வந்தா குத்தமா சார்?" என்றார் முதல்வர்.

"இல்ல மேடம்."

"அப்போ எச்சரிக்கை ரத்து. பரிட்சை எழுதலாம். போய் டீ குடிப்போம்."

"இருங்க மேடம்." கூடாது சாரின் முகத்தில் பல நாட்களாகக் காணாத ஒளி வந்தது. "குத்தம் இருக்கு. ஊழியர் மாணவரின் பொருளைத் தன் உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது. ஒரு விரிவுரையாளர் மாணவன் குடையை வாங்கி ஓய்வு பெறும்வரை வச்சிருந்தாரே, அப்ப எழுதினது. அதோட, மாணவர் வண்டியை ஊழியர் கொட்டகையில நிறுத்தக் கூடாது. நான் தினமும் ரெண்டையும் செஞ்சிருக்கேன்!"

மேலே ஓடிப்போய் எச்சரிக்கைப் படிவத்தை எடுத்தார். தன் பேரில் தானே எழுதி, கொடுப்பவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்தும், பெறுபவர் என்ற இடத்தில் இன்னொன்றும் போட்டார். இரண்டாவதை இன்னும் அழகாகப் போட்டார்.

"வாங்க மாமா" என்று மைத்துனன் கை நீட்டினான். "எச்சரிக்கை வாங்கினவங்க கட்சியில இதுவரைக்கும் நானும் அக்காவும்தான் இருந்தோம்."

அன்று சாப்பாடு ஆவி பறக்க வந்தது.

மறுநாள் காலை ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள். கூடாது சார் பின்னால் உட்கார்ந்து, வேகத்தைப் பற்றி மூன்று விதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். பேக்கரித் திருப்பத்தில் அவள் தோளைத் தட்டினார். வண்டி நின்றது. இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, டிபன் பாக்ஸை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"மழை வர்ற மாதிரி இருக்குங்க. ஏறுங்க, உள்ள விட்டுர்றேன்."

"கூடாது" என்றார் அவர்.

அவள் சிரித்த சிரிப்பில் பேக்கரிக் கண்ணாடி அதிர்ந்தது. ஸ்கூட்டர் அவரைக் கடந்து போனபோது, அறிமுகமில்லாத ஊழியரைப் பார்ப்பது போல அவள் நேரே பார்த்துக்கொண்டு போனாள்.

பேக்கரிக்காரர் வெளியே வந்தார். ஒரு பன்னை எடுத்து நீட்டினார்.