கழுத்துத் தையல்

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான அப்பாவின் சம்பளத்தில் முப்பத்தைந்து வயதிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான், ஒரு ஞாயிறு மதியம் அவரோடு படத்துக்குப் போனேன். டிக்கெட்டும் அவர்தான் எடுத்தார். படத்தின் நாயகனும் என்னைப் போலத்தான். வேலைக்குப் போகாமல் சென்னையில் பெற்றோர் வீட்டிலேயே தங்கிவிட்டவன். கடைசியில் அம்மா முன்னால் உடைந்து அழுதான். திரை முழுக்க அவன் முகமும் டி-ஷர்ட்டும்.

பின்வரிசையில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண் ஒருத்தி கத்தினாள்: "ஏனுங்க, கழுத்துத் தையல் கோணலுங்க! இந்த பீஸை யாருங்க பாஸ் பண்ணுனது?"

திருப்பூரில் அழுகிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? தியேட்டரே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

என் சிரிப்பு அடங்கும்வரை அப்பா காத்திருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அவனுக்காச்சும் அழுகை வருது, கண்ணு."