கண்ணில் ஒற்றிய தாள்

ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் காப்பகத்தில், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய தாள் ஒன்று இருக்கிறது. சிலுவையில் யேசு, பக்கத்தில் மரியாள். ஐந்நூறு வருடங்களுக்கு முந்தைய அச்சுப் படம், கையால் வர்ணம் பூசியது. அதன் கீழ் விளிம்பில் ஒரு பழுப்புக் கறை உண்டு. அந்தக் கறை இன்றும் அங்கே இருப்பதற்கு என் பிடிவாதம்தான் காரணம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பழைய தாள்களைத் துப்புரவாக்கிச் சீர்செய்வது என் தொழில். கண்காட்சிக்கு முன் அந்தக் கறையை எடுத்துவிடும்படி என் மேலதிகாரி எழுதித் தந்திருந்தார். கெட்டிக்காரப் பெண்மணி, நான் மதிப்பவர். ஆனால் அவருடைய குறிப்பில் இரண்டு விஷயங்கள் என்னை உறுத்தின. வர்ணம் பூசியவர் கவனமில்லாதவர் என்று எழுதியிருந்தார். கறையைச் 'சேதம்' என்று எழுதியிருந்தார்.

கவனமில்லாதவரா? பலகையில் கோடுகளை மட்டும் விட்டு மிச்ச மரத்தைச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். கோடுகளில் மை தடவி, ஈரத்தாளை மேலே விரித்து, பின்பக்கத்தைத் துணிப்பொதியால் தேய்த்திருக்கிறார்கள். தாளைத் திருப்பினால் அந்தத் தேய்ப்பின் பளபளப்பு இன்னும் தெரிகிறது. தூரிகை அதற்குப் பிறகுதான். பிசினில் குழைத்த ஈயச் சிவப்பு, செம்புக் களிம்பிலிருந்து எடுத்த பச்சை. உருப்பெருக்கியில் பார்த்தேன். சிவப்பு முழுவதையும் ஒரே மூச்சில் வைத்து முடித்து, அது காய்ந்த பிறகே பச்சைக்குப் போயிருக்கிறார். பக்கத்தில் ஒரு கட்டுத் தாள் காத்திருந்திருக்கும். இரத்தம் கோட்டைத் தாண்டியதைத்தான் மேலதிகாரி குறையாகச் சொல்லியிருந்தார். இரத்தம் கோட்டுக்குள்ளா நிற்கும்?

வேலையைத் தொடங்கிய அன்று, தாளைத் தட்டுக்கு மாற்றும்போது அது வழுக்கிக் கீழே விழுந்துவிட்டது. என் சப்பாத்து நுனி அதில் பட்டது. நான் யோசிக்கவே இல்லை. குனிந்து எடுத்து, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டேன். பள்ளிக்கூடக் கொப்பியில் கால் பட்டாலே அப்படிச் செய்து வளர்ந்தவள் நான். நிமிர்ந்தால், வாசலில் மேலதிகாரி.

தோலில் எண்ணெய் இருக்கும் என்று எனக்கே பாடம் எடுத்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெருவிரல்கள் இரண்டும் சரியாக அந்தக் கறையின் மேல் இருந்தன. யேசுவின் பாதத்தில் மட்டும் சிவப்பு தேய்ந்து போயிருந்தது, மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருந்தது. தாளை அங்கே பிடித்து முகத்துக்குக் கொண்டுபோனது நான் மட்டுமல்ல.

அதைச் சொன்னேன். நீ இந்து, அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கோபம் வந்துவிட்டது.

"தொட்டுக் கும்பிட்ட கையின் அடையாளம் எனக்குத் தெரியும். அதை நான் கழுவ மாட்டேன்" என்றேன். நொர்வேஜிய மொழியில் நான் அவ்வளவு தெளிவாக ஒருநாளும் பேசியதில்லை.

அவர் குரலை உயர்த்தவில்லை. 'அவ்விக்' நிரப்பித் தரும்படி சொன்னார். வேலையில் தவறு நடந்தால் எழுதவேண்டிய படிவம் அது. அதைப் படித்த பிறகுதான் கறையைப் பற்றி முடிவு என்றார். என் தற்காலிக வேலை அடுத்த மாதம் முடிகிறது என்பதையும் நினைவுபடுத்தினார்.

ஹவுகெட்டோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு வேலையை நினைத்துப் பயந்தார்.

"வேதக்காரரின்ர படத்துக்கு நீர் ஏன் வழக்காடுறீர்? தவறுதலா முகத்தில பட்டிட்டுது எண்டு எழுதிப்போட்டு விடுமன்."

"விழுந்தது தவறுதான். ஒத்தினது தவறில்லை" என்றேன்.

அவர் எழுந்து போனார். தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து தந்தார். அவர் சொன்னது போல எழுதினால் என் வேலை தப்பும், எனக்கும் தெரியும். ஆனால் தவறுதல் என்று எழுதினால், என் விரல்கள் மட்டுமல்ல, அந்தத் தாளைப் பிடித்த எல்லா விரல்களும் தவறு என்று ஆகிவிடும். பிறகு கழுவ வேண்டியதுதானே.

மறுநாள் காலை கணினியில் படிவத்தைத் திறந்தேன். என்ன நடந்தது என்ற இடத்தில் நடந்ததை எழுதினேன். சேதம் என்ற இடத்தில், இல்லை, கறை கும்பிட்ட கைகளுடையது, எடுக்கக் கூடாது என்று எழுதினேன். கடைசிக் கேள்வி, இது மீண்டும் நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள் என்பது.

தாள் கீழே விழாமல் பார்த்துக்கொள்வேன் என்று எழுதினேன். விழுந்தால், மறுபடியும் கண்ணில் ஒற்றுவேன்.