ஐம்பது பவுண்டு வில்

நேற்று திருச்செந்தூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் தோளில் தைலம் தேய்க்க ஆரம்பித்தார். அந்தக் காரமான வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வலது தோள் வலித்தது. வலிக்க ஒரு காரணமும் இல்லை, எல்லாம் பழக்கதோஷம். சிரிப்பு வேறு வந்தது. மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் தோளுக்கும் தைலத்துக்கும் உறவு ஏற்பட்ட கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. உங்களிடம் சொல்வதற்கென்ன. அப்போது தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் குமாஸ்தா. நாள் முழுக்க கன்டெய்னர் நம்பர்களைத் தட்டுவதுதான் வேலை. தூக்குகிற அதிகபட்ச பாரம் டீ டம்ளர். ஞாயிறு காலைகளில் மட்டும் உப்பளத்தை ஒட்டிய காலி மைதானத்தில் வில்வித்தை. அதைத் தொடங்கியவர் செல்வி டீச்சர், நாசரேத்துக்காரர், பி.டி. டீச்சர், எங்கள் வயதுதான். மரவில், மர அம்பு, அவ்வளவுதான். கப்பி வைத்த நவீன வில்லெல்லாம் கிடையாது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வருவார்கள், போவார்கள். விடாமல் வந்தது டீச்சர், நான், சங்கு குளிக்கப் போகும் அந்தோணி, மூன்றே பேர்.

வில்லை முழுக்க இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதைப் பவுண்டில் சொல்வார்கள். எது நமக்குச் சரி என்று கண்டுபிடிக்க டீச்சரிடம் ஒரு சோதனை இருந்தது. நாணைக் கன்னம் வரை இழுத்து நிறுத்திக்கொண்டு, காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்ல வேண்டும். குரல் நடுங்கினால் வில் கனம்.

அந்தோணி, படகு தள்ளி உரமேறிய தோள்காரன், இருபத்தெட்டு பவுண்டை எடுத்தான். "அஞ்சு இட்லி டீச்சர், நேத்து வச்ச சாள மீன் குழம்பு, அதுல மாங்கா கெடந்துச்சு, பொறவு ஒரு டீ..." டீச்சர்தான் போதும் போதும் என்று நிறுத்தினார்.

நான் ஐம்பதை எடுத்தேன். பல்லைக் கடித்து இழுத்து, "தோ..." என்றேன். தோசை முழுதாக வெளியே வரவில்லை.

"கனத்தப் பாத்து எடுக்காதீங்க சார். சுகமா நிக்கணும்," என்றார் டீச்சர்.

"ஏலே," என்றான் அந்தோணி, "கடலுக்குள்ள எவ்வளவு ஆழம் போவேன் தெரியுமா? மேல வந்து ஒங்கிட்ட பேசுததுக்கு மூச்சு மிச்சம் இருக்கணும்லா, அம்புட்டுதான் போவேன்."

கேட்டேனா? ஆபீஸ் வாட்சப் குழுவில் ஐம்பது பவுண்டு என்று படத்தோடு போட்டாகிவிட்டதே! லாரி டிரைவர்கள்கூட "வில்லாளி அண்ணாச்சி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். இனி இறங்கினால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்தச் சமயம்தான் மதுரையில் ஒரு போட்டி வந்தது. மூன்று பேர் இருந்தால்தான் அணி. டீச்சருக்கு அதில் கலந்துகொள்ள அப்படி ஓர் ஆசை. அதுவரை எந்தப் போட்டிக்கும் போனதில்லையாம். எங்கள் மூவர் பேரையும் சந்தோஷமாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

போட்டிக்கு முந்தைய ஞாயிறு, ஆறாவது அம்பில், தோளுக்குள் 'டப்' என்றது. அம்பு பத்தடி போய் உப்புப் பாத்தியில் விழுந்தது. பக்கத்தில் நின்ற கொக்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை வழுக்கிவிட்டது என்று இளித்துச் சமாளித்தேன். வாரம் முழுக்க வலது தோளில் தைலம், இடது கையால் சோறு. வீட்டில் பாத்ரூமில் விழுந்ததாகச் சொன்னேன். டீச்சரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும், நாளைக்குச் சரியாகிவிடும் என்றே ஆறு நாளை ஓட்டினேன். போட்டியன்று காலையில், அவசரமாகக் கப்பல் வந்துவிட்டது, வேறு யாரையாவது கூட்டிப் போங்கள் என்று மெசேஜ் அனுப்பினேன். இரண்டு பேரும் 'சரி' என்று மட்டும் போட்டார்கள்.

அதன்பின் வெட்கத்தில் அந்தப் பக்கமே போகவில்லை. மாதங்கள் கழித்துப் போனபோது மைதானத்துக்கு வேலி போட்டு கன்டெய்னர்களை அடுக்கியிருந்தார்கள். டீச்சர் வேலை மாறி எங்கோ போயிருந்தார். அந்தோணி மஸ்கட்டில்.

போன வருடம் அவன் லீவில் வந்தபோது டீக்கடையில் ஒருவழியாகக் கேட்டேன். "மதுரையில என்னலே ஆச்சு?"

"எங்க போனோம்? பஸ் ஸ்டாண்டுல நிக்கோம், ஒன் மெசேஜ் வருது. அந்நேரத்துக்கு யாரப் புடிக்க? ஆளுக்கொரு டீயக் குடிச்சிட்டுத் திரும்பிட்டோம்."

"தோள்ல அடிலே. சொல்ல வெக்கமாப் போச்சு."

"தெரியும்லே. அம்பு உப்புல விழுந்த அன்னைக்கே டீச்சர் கண்டுபுடிச்சிட்டாங்க. ஒனக்குன்னு இன்னொரு இருபத்தெட்டு பவுண்டத்தான் துணி சுத்தி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டாந்திருந்தாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீ சூடு என்றேன். அவனும் ஆமாம் என்றான்.

மைதானம் போய்விட்டது. டீச்சர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அவனுக்கும் தெரியவில்லை. அந்த இருபத்தெட்டு பவுண்டை நான் ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை.