வடிகட்டி இல்லாத தேநீர்

"இதுக்கு வடிகட்டி எங்க, டீச்சர்?"

குவைத்தின் ஃபஹாஹீலில் எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில், பச்சையாக எதையோ கலக்கிக்கொண்டிருந்த செலின் டீச்சரிடம் ஒருநாள் நான் இப்படிக் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எறியதுக்கு ஒண்ணும் இல்லாத டீக்கு வடிகட்டி எதுக்கு டீச்சர்?" என்றார்.

போன வெள்ளிக்கிழமை காலை செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் பதில்தான். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தைப் போட்டு, சுற்றிலும் மெழுகுவர்த்திகளை ஒட்டியிருந்தார்கள். குளச்சலில் தன் வீட்டில், உறக்கத்திலேயே போய்விட்டார். படத்துக்குக் கீழே செய்திகள் வந்துகொண்டே இருந்தன. "பாவம், கடைசிவரைக்கும் கை சரியா வரல." "பாவம், கல்யாணம் காட்சி இல்லாம தனியாவே இருந்துட்டாங்க." "பாவம், குவைத்ல நோயோட போராடினாங்க."

பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேருக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். விடை தவறாக வந்தால் நான் அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வரியில் தவறியது என்று மேலிருந்து பார்த்துக்கொண்டு வருவேன். இப்போதும் அதையே செய்யப்போகிறேன். "பாவம்" என்ற விடை தவறு. முதல் வரியிலிருந்து பார்ப்போம்.

செலின் டீச்சரின் வேதியியல் வகுப்பு எங்கள் வகுப்புக்கு அடுத்த சுவர். அவர் குரல் சுவரைத் தாண்டி வரும். ஒருநாள் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார். ஒன்றில் உப்பைப் போட்டார், இன்னொன்றில் சாக்பீஸ் பொடியைப் போட்டார். "உப்பு போன இடம் தெரியாது. சாக்பொடி அப்படி இல்ல மக்களே. கலக்குனா நிக்கும், விட்டா அடியில போய் உக்காந்துக்கிடும். கரையவே கரையாது." பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "லைஃப்ல நாம எது மாதிரி இருக்கணும் மிஸ்?" என்று கேட்டான். "லைஃபப் பத்தி எனக்குத் தெரியாது. பரீட்சைல ரெண்டுக்கும் வித்தியாசம் கேப்பாவ, அதை எழுது" என்றார் செலின். சுவருக்கு இந்தப் பக்கம் என் வகுப்பும் சேர்ந்து சிரித்தது.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் காலை, வருகைப் பதிவு எடுக்கும்போதே பேனா விரலிலிருந்து நழுவியது. எடுத்தார், மறுபடியும் நழுவியது. மூன்றாவது முறை அவர் குனியவில்லை. "கமலா டீச்சரக் கூப்பிடு" என்று ஒரு மாணவியை என்னிடம் அனுப்பினார். பக்கவாதம். மருத்துவமனைக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் பேச்சு தப்பியது, நடை தப்பியது. வலக்கை மட்டும் மரத்துப்போய், சொன்னதைக் கேட்காமல் கிடந்தது.

அவர் பள்ளிக்குத் திரும்பி வந்த அன்றே முதல்வர் அழைத்தார். நானும் உடன் போனேன். எங்கள் முதல்வர் கோயம்புத்தூர்க்காரர், ஒருவரையும் மரியாதை குறைத்துப் பேசாதவர். அவர் மரியாதைக்குத்தான் நாங்கள் பயப்படுவோம்.

"உடம்பு முக்கியமுங்க, டீச்சர். இந்த வருசத்தோட ஊருக்குப் போய் நிம்மதியா ரெஸ்ட் எடுத்துக்குங்க. நல்லதா ஒரு ஃபேர்வெல் வெச்சுக் குடுத்தர்றோம்."

"எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் வருஷம் கெடக்கு சார்."

"லேப்ல ஆசிட் இருக்குதுங்க. கொழந்தைக பக்கத்துல நிக்குது. பேரண்ட்ஸ் கேட்டா நான் என்னங்க சொல்றது?"

அது நியாயமான கேள்வி. செலினும் அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் இருந்தது பள்ளியின் விசாவில். வேலை போனால் இகாமா என்ற குடியிருப்பு அனுமதி போகும், இகாமா போனால் விமானம் ஏற வேண்டியதுதான். ஊருக்குப் போவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அந்த ஆய்வகம் கையைவிட்டுப் போவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"கை வந்தா?"

"வந்தா பாத்துக்கலாமுங்க."

"ரிவிஷன் லீவுக்கு முன்ன நீங்களே லேபுக்கு வாங்க சார். நான் டைட்ரேஷன் செஞ்சு காட்டுகேன். உங்களுக்குத் திருப்தி இல்லன்னா நானே டிக்கெட் போட்டுக்கிடுகேன்."

வெளியே வந்ததும் நான், "எதுக்கு டீச்சர் இவ்வளவு பெரிய பேச்சு?" என்றேன். "பேச்சுக்குக் கை வேண்டாமே" என்றார்.

மருத்துவமனையில் பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அதைக் கண்டாலே அவருக்கு எரிச்சல். "அமுக்குனாலும் பந்து, விட்டாலும் பந்து. என்ன நடந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" சோதனை என்றால் நிறம் மாற வேண்டும், நுரை வர வேண்டும், குறைந்தது ஒரு நாற்றமாவது வர வேண்டும். வேதியியல் ஆசிரியர் அல்லவா!

அப்போதுதான், தன் கல்லூரியின் குளிர்கால விடுமுறையில், ஷெரின் எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். எங்களிடம் படித்து, ஜப்பானில் மேற்படிப்புக்குப் போயிருந்தவள். ஒரு சின்ன டப்பாவில் மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடி, வாய் அகன்ற ஒரு கிண்ணம், நுனியெல்லாம் மெல்லிய ஈர்க்குகளாகச் சீவப்பட்ட ஒரு மூங்கில் கருவி, மூன்றையும் மேசையில் வைத்தாள். "டீச்சர், திஸ் இஸ் ஸ்பெஷல். பிளீஸ், பாய்ல் பண்ணிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சொன்னது என் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. டீ என்றால் கொதிக்க வேண்டும் என்பது எனக்குச் சந்தேகமில்லாத விஷயம். மறுநாள் பாலைக் கொதிக்கவிட்டு, பொடியைத் தாராளமாகப் போட்டு, ஏலக்காய் தட்டி, சீனி சேர்த்தேன். மூங்கில் கருவியைப் பார்த்ததும் மத்து என்று நினைத்துவிட்டேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைவதுபோல் உருட்டினேன். பிறகு டம்ளரில் உயரத் தூக்கி ஆற்றினேன். நுரை நன்றாகத்தான் வந்தது. குடித்த இயற்பியல் ராஜேந்திரன் சார் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "டீச்சர், வேப்பிலைக்கு ஏலக்காய் போட்டா அது பாயசம் ஆயிடுமா?" என்று கேட்டார்.

செலின் சிரித்துச் சிரித்து இருமினார். நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு ஷெரினைத் தொலைபேசியில் பிடித்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார். கேட்டதை எனக்கு விளக்கியபோது அவர் முகத்தில் பழைய வகுப்பறைக் களை வந்திருந்தது. பறிப்பதற்குச் சில வாரம் முன்பே செடிகளுக்கு மேல் பந்தல்போட்டு வெயிலை மறைத்துவிடுவார்களாம். நிழலில் நிற்கும் இலை பச்சையை அதிகமாகச் சேர்த்துக்கொள்ளும், கசப்பும் துவர்ப்பும் மட்டுப்படும். பறித்த இலையை ஆவியில் காட்டி, உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கி, கல் திரிகையில் அரைத்தால் இந்தப் பொடி.

"நம்ம டீல இலையோட சாரத்த எடுத்துக்கிட்டு சக்கையத் தூர எறிஞ்சிருவோம். இதுல இலையையே குடிக்கோம். இது கரையாது டீச்சர், சாக்பொடி மாதிரி. அதான் அடிக்க வேண்டியிருக்கு. அடிச்ச உடனே குடிக்கவும் வேண்டியிருக்கு, இல்லன்னா அடியில போய் உக்காந்துக்கிடும்." கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் கசப்பு தூக்கிவிடும் என்பதால், கொதித்து இறக்கி ஆறவிட்ட நீர்தான் சரி. மத்துபோல் உருட்டவும் கூடாது. தோளை அசைக்காமல், மணிக்கட்டை மட்டும் முன்னும் பின்னும் வேகமாக ஆட்ட வேண்டும்.

"மணிக்கட்டு" என்று சொன்னவர் அங்கேயே நிறுத்தினார். தன் வலக்கையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

அன்றிலிருந்து பந்து மேசை இழுப்பறைக்குள் போனது. காலை இடைவேளையில் செலின் உட்காருவார். இடக்கையைச் சேலைத் தலைப்புக்குள் மடக்கி வைத்துக்கொள்வார், உதவிக்கு வந்துவிடக் கூடாது என்று. முதல் நாள் கருவி கிண்ணத்தைவிட்டு எகிறி, என் விடைத்தாள் கட்டின்மேல் பச்சையாகக் கோலம் போட்டது. அடுத்தடுத்த நாட்களில் கட்டி கட்டியாக மிதந்த பச்சைத் தண்ணீர்தான் வந்தது. நான் கட்டியைப் பார்த்துத்தான் வடிகட்டி எங்கே என்று கேட்டேன். அவர் கட்டியோடு குடித்தார். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு சின்னச் சல்லடையைக் கொண்டுவந்தார். "குடிக்கும்போது வடிகட்டக் கூடாது. கலக்கதுக்கு முன்ன சலிக்கணும். நாமதான் தப்பு வந்த பிறகு வடிகட்டி தேடுகோம்."

ஆசிரியர் அறை சும்மா இருக்குமா! "ஃப்ரிஜ்ல மருதாணி யாருது?" என்று ராஜேந்திரன் சார் தினமும் கேட்பார். "உங்க தலைக்குத்தான் வச்சிருக்கேன் சார். ஆனா பூச இடம் எங்க இருக்கு?" என்பார் செலின். வழுக்கையைத் தடவிக்கொண்டே சார் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஆறவிட்டு, அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.

மாட்சா அவர் கையைக் குணமாக்கியது என்று நான் எழுதமாட்டேன். மாத்திரை இருந்தது, பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் இருந்தார், நாட்கள் போயின. ஆனால் அன்றன்று கை எப்படி இருக்கிறது என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ள அவருக்கு அந்தக் கிண்ணம் போதுமாக இருந்தது. நுரையே இல்லாத நாட்கள் இருந்தன. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளுத்த நாட்கள் வந்தன. ஒருநாள் கிண்ணம் முழுக்க நுரை மூடியது. குமிழிகள் ஒவ்வொன்றும் மீன்கண் அளவு. ஷெரினுக்குப் படம் அனுப்பினோம். "நுரை இன்னும் ஃபைனா வரணும் டீச்சர்" என்று பதில் வந்தது. "குமிழி பெருசுன்னா அவளுக்கு என்ன? குடிக்கது நான்" என்றார் செலின்.

முதல்வர் சொன்னபடி ஆய்வகத்துக்கு வந்தார். டைட்ரேஷன் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து திரவம் சொட்டுச் சொட்டாக இறங்கும். இடக்கை அதன் திருகைப் பிடித்திருக்கும். வலக்கை கீழே குடுவையின் கழுத்தைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறமற்ற நீர் மெல்லிய இளஞ்சிவப்பாகும் அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் ரோஸ்மில்க் ஆகிவிடும்.

செலின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொடங்கினார். குடுவை சுழன்றது. பாதியில் கை களைத்தது எனக்குத் தெரிந்தது. குடுவை குழாயின் நுனியில் டிங் என்று இடித்தது. முதல்வர் ஓரடி முன்னால் வந்தார். நானும்தான். செலின் திருகை மூடினார். குடுவையை வெள்ளை ஓட்டின்மேல் வைத்தார். விரல்களை விரித்தார், மடக்கினார்.

"நிறுத்திட்டுத் தொடங்கலாம் சார். டைட்ரேஷன் எங்கயும் ஓடிப்போகாது."

மறுபடியும் எடுத்தார். குடுவைக்குள் வெட்கப்பட்டதுபோல் ஒரு நிறம் வந்து நின்றது. முதல்வரும் ஒருகாலத்தில் அறிவியல் ஆசிரியர். "ரெண்டு ரீடிங் ஒத்து வரோணுமில்லீங்க?" என்றார்.

"அதுக்குத்தான் அடுத்த குடுவையும் ரெடியா வச்சிருக்கேன்."

இரண்டாவது அளவீடும் முதலாவதோடு ஒத்து வந்தது. முதல்வர் குனிந்து குழாயில் தானே படித்துப் பார்த்தார். நிமிர்ந்து, "டைம்டேபிள்ல பேரப் போட்டர்றேனுங்க" என்றார்.

ஆய்வகத்தில் வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்பது செலின் வைத்த சட்டம். அதனால் முதல்வரை ஆசிரியர் அறைக்கு அழைத்துவந்து கிண்ணத்தைக் கொடுத்தார். "சீனி இல்லீங்களா?" "இல்ல சார். முதல்ல இந்தப் பேரீச்சம்பழத்தத் தின்னுங்க, பிறகு குடிங்க. அவங்க ஊர்லயும் இனிப்பத் தின்னுட்டுத்தான் குடிப்பாவளாம்." முதல்வர் பழத்தைத் தின்றார். ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. ஆனால் மரியாதைக்காரர், மீதியையும் குடித்தார்.

செலின் தன் முழுக்காலமும் அந்த ஆய்வகத்தில் வேலைபார்த்து, ஓய்வு வயது வந்த பிறகே ஊர் திரும்பினார். சென்ற ஆண்டு குளச்சலில் அவரைப் பார்த்தேன். வலக்கை கடைசிவரை முழுதாக வரவில்லை, உண்மைதான். நான் இருந்தபோது வந்த ஒரு பக்கத்துவீட்டம்மா, "பாவம், இந்தக் கைய வச்சுக்கிட்டு நீங்களே செய்யணுமா? நான் கலக்கித் தாறேனே" என்று கையை நீட்டினார். செலின் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உனக்கு வேணும்னா உனக்குக் கலக்கு. இது என் கை, என் டீ." எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. குமிழிகள் அதே மீன்கண் அளவுதான். கடைசி வாய்வரை குடித்தேன்.

இப்போது சொல்லுங்கள் பிள்ளைகளே, "பாவம்" எந்த வரியில் வருகிறது? கை வராததை நீங்கள் கடைசி வரியாக எடுத்துக்கொண்டீர்கள். அவருக்கு அது முதல் வரி, அதிலிருந்து தொடங்கித்தான் கணக்கைப் போட்டார். தனியாக இருந்தார் என்கிறீர்கள். தன் கிண்ணத்தைத் தானே கலக்கிக் குடித்தார் என்று நான் சொல்கிறேன். குழுவில் எழுதியதை அழித்துவிட்டு வேறு ஏதாவது எழுதுங்கள். அவர் உங்களைத் திட்டிய ஒரு திட்டை எழுதினாலும் போதும்.

அவருடைய கிண்ணம் வேண்டுமா என்று அவர் தம்பி என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். என்னிடம் இருப்பது வேறு. எனக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை, மகள் மாடிக்கு ஏறாதே என்கிறாள். நான் ஏறுகிறேன். பாதிப் படியில் நிற்கிறேன், "நிறுத்திட்டுத் தொடங்கலாம்" என்று சொல்லிக்கொண்டு மறுபடி ஏறுகிறேன். செலினிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.

நாளைக் காலை ஒன்று செய்யுங்கள். அரைக் கரண்டி மாட்சாப் பொடியைக் கிண்ணத்தில் சலித்துப் போட்டு, கொதித்து ஆறிய வெந்நீர் கொஞ்சம் ஊற்றி, உங்களுக்குச் சரியாக வராத கையால் அடியுங்கள். கட்டியோ நுரையோ, வந்ததை வடிகட்டாமல் குடித்துவிடுங்கள்.