பழைய பக்கத்துக்குப் புதுத் தேதி

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். இனிமையானவற்றை மட்டும் எழுதச் சொன்னார்கள். முயன்றேன், முடியவில்லை.

அக்கா, மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசையில், லயத்து வீட்டில் பிறந்தவர். தொழிற்சாலையில் வேலை செய்த அப்பா, அக்கா இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போதே தவறிவிட்டார். அம்மா கொழுந்து பறித்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அக்கா விமானப் பராமரிப்பு படித்து, சிலாங்கூரில் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் கையேட்டுப் பிரிவில் சேர்ந்தார்.

அது என்ன வேலை என்று உறவினர் பலருக்குக் கடைசிவரை தெரியாது. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் ஒரு பராமரிப்புக் கையேடு உண்டு. எந்தப் பாகத்தை எப்போது கழற்றிப் பார்ப்பது, எவ்வளவு தேய்ந்தால் மாற்றுவது என்றெல்லாம் அதில் இருக்கும். விமானத்தைத் தயாரித்தவர்கள் அவ்வப்போது திருத்தம் அனுப்புவார்கள். பழைய பக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்துப் பட்டறைக்குத் தெரிவிப்பது அக்காவின் பொறுப்பு. விடுமுறைக்கு வந்தால் வீட்டுச் சோற்றுப் பானையின் விளக்கத் தாளைக்கூட முழுக்கப் படித்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவார். நாங்கள் கேலி செய்வோம்.

ஒருமுறை வேறொரு வகை விமானத்தின் கையேடு அக்காவின் பொறுப்புக்கு வந்தது. அதற்கு முன்பிருந்தவர்கள் நெடுநாளாக எந்தத் திருத்தத்தையும் சேர்த்திருக்கவில்லை. பிரேக்கை இன்னும் சீக்கிரமாகவே கழற்றிப் பார்க்க வேண்டும் என்ற திருத்தமும் அவற்றில் ஒன்று. பட்டறையில் பழைய பக்கத்தைப் பார்த்தே வேலை நடந்திருந்தது. அப்படி வேலை பார்த்து அனுப்பிய ஒரு விமானத்தை நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று அக்கா மேனேஜரிடம் சொன்னார். அவரும் நம்மவர்தான். விமானத் துறை அதிகாரிகள் சோதனைக்கு வரப்போகிறார்கள், பழைய பக்கங்களிலேயே புதுத் தேதியைப் போட்டு வைத்துவிடு என்று அவர் சொல்லியிருக்கிறார்.

“யாரும்மா ஒக்காந்து படிக்கப் போறா? தேதியத்தான் பாப்பாங்க லா.”

அந்த வாரக் கடைசியில் அக்கா வீட்டுக்கு வந்தார். தட்டில் போட்ட சோற்றைத் தொடவில்லை. நடந்ததைச் சொன்னார். அங்கிருந்த சித்தப்பா, சொன்னதைச் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே, பாவம் சொன்னவனுக்குத்தான் என்றார். அம்மா ஒன்றுதான் கேட்டார்.

“அந்தப் ப்ளேன்ல ஆளுங்க போறாங்களா?”

“போறாங்கம்மா.”

“அப்புறம் என்னத்த யோசிக்கிற?”

அக்கா நேரே அதிகாரிகளிடம் போனார். விமானம் நிறுத்தப்பட்டது. பிரேக்கைக் கழற்றிப் பார்த்தபோது, எப்போதோ மாற்றியிருக்க வேண்டிய அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஆனால் தவறு முழுவதும் கையேட்டுப் பிரிவினுடையது என்று நிறுவனம் விசாரணையில் எழுதிக்கொடுத்து, அக்காவை வேலையிலிருந்து நீக்கியது. மேனேஜருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வேறு எந்த நிறுவனமும் அக்காவை எடுத்துக்கொள்ளவில்லை. பேசி முடித்திருந்த கல்யாணமும் நின்றது. முதலாளியையே காட்டிக்கொடுத்த பெண் நாளைக்குப் புருஷனை விட்டு வைப்பாளா என்று நம் சொந்தத்திலேயே பேசினார்கள். பேசியவர்கள் கையிலும் இம்மலர் இருக்கும். நன்றாகப் படிக்கட்டும்.

அக்கா மலைக்கே திரும்பி, லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்தில் கணக்கு வேலை பார்த்தார். பூச்சிமருந்துப் போத்தல்களில் இருந்த எச்சரிக்கை, மருந்தடிப்பவர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது. அதைத் தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டினார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. புற்றுநோய் கண்டு ஈப்போ மருத்துவமனைக்குப் போகும்வரை அந்த வேலையை விடவில்லை. கடைசி நாள்களில் வலி அதிகம். யாரையும் அவர் திட்டவில்லை. திட்டும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இம்மலருக்கென்று அந்த மேனேஜர் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். அக்கா தம் சொந்த விருப்பத்தின் பேரில் விலகினாராம். நிறுவனம் அவரை மகளைப் போல் வைத்திருந்ததாம். கூடவே மேனேஜருடைய சொந்தப் படம் ஒன்று, பெரிதாக. தொலைபேசியில் அழைத்து, இப்படி எழுத எப்படி மனம் வந்தது என்று கேட்டேன்.

“செத்தவங்களப் பத்தி நல்லதா நாலு வரி இருக்கட்டுமேன்னுதான் தம்பி,” என்றார்.

தொலைபேசியை வைத்தபின் கையைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சைக்குப் போகும்போதெல்லாம் தம் வேலையை விட்டுவிட்டு அக்காவை ஈப்போவுக்கு ஏற்றிச் சென்ற, கோலா தெர்லா ஊர் லோரிக்கார அண்ணன். கேட்காமலே கஞ்சி கொடுத்தனுப்பிய ரிங்லெட் சாப்பாட்டுக்கடை பாய். அம்மாவைத் தனியே விடாமல் உடன் படுத்துக்கொண்ட லயத்துப் பெண்கள். இவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

கருமக்கிரியைக்கு இன்னொருவரும் வந்திருந்தார். அந்தப் பட்டறையில் பிரேக் வேலை பார்ப்பவர். என்னைத் தனியே அழைத்தார்.

“ஒங்க அக்கா சொன்னதுதான் தம்பி சரி. அதுக்கப்புறம் நாங்க கை வெச்ச ப்ளேன்ல எம் புள்ளைங்கள நான் ஏத்துறதில்ல.”

விசாரணையில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் தம் வேலையும் போயிருக்கும் என்றார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். விமானங்களுக்குக் கையொப்பம் போட்டு அனுப்புகிறார். சிலாங்கூரிலிருந்து அவ்வளவு தூரம் வந்தாரே, நன்றியில் அவர் பெயரையும் சேர்த்துவிடு என்று அம்மா சொன்னார்.

நான் சேர்க்கவில்லை.