மார்க்கண்டுவின் தோட்குழி

மார்க்கண்டு சட்டை போட்டிருந்தால் எல்லாரையும் போலத்தான். கழற்றினால் வலது தோளில், காறை எலும்புக்குக் கீழே, கோழிமுட்டை வைக்கக்கூடிய ஒரு குழி தெரியும். பதினெட்டு வருடத் தச்சுவேலை அது. கதவுநிலைக்குத் துளை போடும்போது கருவியின் குமிழைத் தோளில் முண்டுகொடுத்து, முழு உடம்பாலும் அமத்துவார். கிணற்றடியில் குளித்து நிமிர்ந்தால் குழியில் தண்ணீர் தேங்கி நிற்கும். "காகம் குடிக்கப்போகுது" என்று மனைவி குணலட்சுமி சிரிப்பாள். பக்கத்து வளவில் இருந்த எனக்கும் கேட்கும்.

எண்பத்தாறு பங்குனியில் அந்தச் சிரிப்பு நின்றது. சாவகச்சேரிச் சந்தைக்குப் போய்வந்தவர்கள் ஒரு கதை கொண்டுவந்தார்கள். ஆமி சுற்றிவளைக்கும் இடங்களில் ஆண்களின் தோளைப் பார்க்கிறார்களாம். சுடும்போது துவக்குப்பிடி இடித்த அடையாளம் இருந்தால் இயக்கக்காரன் என்று ட்ரக்கில் ஏற்றுகிறார்களாம்.

"நான் தச்சன் எண்டு சொல்லுவன்" என்றார் மார்க்கண்டு.

"உவங்களுக்கு உங்கடை தமிழ் விளங்குமே?" என்றாள் குணலட்சுமி.

அம்மன் கோயில் திருவிழாவன்று குணலட்சுமி திருநீற்றைக் கெட்டியாகக் குழைத்துக் குழியை நிரப்பி, மேலே மூன்று குறி இழுத்துவிட்டாள். "கோயிலிலை எல்லா ஆம்பிளையளும் திருநீறோடைதானே நிப்பினம். ஆருக்குத் தெரியப்போகுது?" கெட்டிக்காரி. என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கே கோயிலைச் சுற்றிவளைத்தார்கள். வெறும் மேலோடு நின்ற எங்களை வீதியில் வரிசையாக விட்டார்கள். மூன்று மணித்தியாலம், பங்குனி வெயில். வேர்வையில் எல்லார் திருநீறும் கரைந்து ஓடிவிட்டது. பக்கத்தில் நின்ற மார்க்கண்டுவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குழியில் மட்டும் திருநீறு சுண்ணாம்பு போலக் காய்ந்து, பளிச்சென்று வெள்ளையாக நின்றது. கையை நீட்டினால் துடைத்திருக்கலாம். பயம். நான் கையை அசைக்கவில்லை.

சிப்பாய் ஒருவன் நேரே அவரிடம் வந்தான். பெருவிரலால் அதைத் தோண்டி எடுத்தான். பிறகு தன் துவக்கின் பிடியைக் குழிக்குள் வைத்துப் பார்த்தான். அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது.

"தச்சுவேலை ஐயா, தச்சுவேலை" என்று ட்ரக்கில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே போனார்.

திரும்பி வரவில்லை. குணலட்சுமி முகாம் முகாமாக அலைந்தாள். ஆமியை ஆராவது திட்டினால் எழும்பிப் போய்விடுவாள். "பூசிவிட்டது நான்தானே" என்பாள்.

ஒருநாள் வேலியடியில் வந்து நின்று கேட்டாள். "அண்ணை, நீங்கள் பக்கத்திலைதானே நிண்டனீங்கள். அது கரையாமல் நிண்டதை நீங்களும் காணேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன்.