ஜெனிற்றாவின் பெயரில் ஒரு போல்டர்

மன்னார்த் தாராபுரத்துக் கரையில் ஓடிய றோபோப் படகுக்கு மூளை வைத்தவள் பேசாலைக்காரி ஜெனிற்றா. ஆளில்லாமல் போய்க் கடலின் ஆழத்தை அளந்து வரும் படகு அது. அதற்கான மென்பொருளை எழுதி, கணினியில் ஏற்றும் பொதியாகக் கட்டி, கொழும்புக் கம்பனிக்கு அனுப்புவதுதான் நான்கு வருடமாக அவளுடைய வேலை. நான்கு வருடமும் ஒப்பந்தம்தான். "நிரந்தரமாக்குவம், யோசிக்காதேங்கோ" என்று தொலைபேசியில் தேன் வடியச் சொல்வார்கள். அந்தத் தேனை நக்கி வயிறு நிறையுமா? தகப்பன் அமிர்தநாயகம் இடுப்பு முறிந்து கடலுக்குப் போகாமல் விட்ட பிறகு, வீட்டில் உலை கொதித்தது இவள் உழைப்பில்தான்.

அதுவரை இருந்தது அந்த ஒரு படகுதான்; இந்த வருடம் கம்பனி கொழும்பில் முப்பது படகு செய்தது. ஜெனிற்றாவின் பொதியை ஏற்றினார்கள். ஒன்றும் அசையவில்லை.

பிழையைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. பொதி கட்டும்போது, கோப்புகள் போய் இறங்க வேண்டிய இடத்தையும் எழுத வேண்டும். அவள் தன் லப்டொப்பில் தன் பெயரில் இருந்த போல்டரையே எழுதியிருந்தாள். சோழகக் காற்று வீசும் மாதங்களில் இங்கே கடல் விடியலில் இரண்டு மணித்தியாலம்தான் அடங்கிக் கிடக்கும். அந்த அவசரத்தில் படகுக் கணினியிலும் அதே பெயரில் ஒரு போல்டரைத் திறந்து, வயரைக் கொழுவி, எல்லாவற்றையும் அப்படியே கொட்டிவிடுவாள். இங்கே படகு ஓடியது. கொழும்புப் படகுகளில் அந்தப் பெயரில் போல்டரே இல்லை.

படகின் மோட்டார் பார்க்கும் சனூன் நானாவிடம் சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, திருத்தாதேங்கோ. நீங்களே போய் முப்பது படகுக்கும் ஒவ்வொண்டா ஏத்திக் குடுங்கோ. அப்பத்தான் உங்களைத் தேடுவாங்கள்."

"அது களவு மாதிரி, நானா."

"உங்களை நாலு வருசம் இழுத்தடிச்சது மட்டும் என்னவாம்?"

அவளுக்கு ஆசையும் வந்தது, மறைப்பானேன். ஆனால் தன் கைவேலை பிழையோடு கிடப்பதை அவளால் பொறுக்க முடியாது. அது அவளைப் பிடித்த சாபக்கேடு. தன் பெயரை அழித்து, எந்தக் கணினியில் போட்டாலும் அங்கேயே உரிய இடத்தில் போய் இறங்கும்படி எழுதினாள். ஒன்றுமே ஏற்றாத ஒரு கணினியை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தாள். ஓடியது. அனுப்பினாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. முப்பதும் ஓடுகின்றன, அருமையான வேலை, நன்றி. இனி யாரும் எந்த இடத்திலும் ஏற்றிக்கொள்ளலாம் என்பதால் மன்னாரில் தனியாக ஒருவர் தேவையில்லை. இந்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது.

இரண்டு தரம் வாசித்தாள். இவ்வளவு சுத்தமாகத் திருத்திக் கொடுத்த தன் கைகள்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"என்னவாம் பிள்ளை?" என்று கதிரையில் சாய்ந்திருந்த அமிர்தநாயகம் கேட்டார்.

"எல்லாப் படகும் நல்லா ஓடுதாம், அப்பா."

"அப்ப இனி உன்னை விடமாட்டாங்கள்" என்று சொல்லி அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவள் ஓம் என்று தலையாட்டினாள்.